உருமறைப்பு

உயிரினம் தன் நிறத்தாலும் வடிவத்தாலும் சூழலோடு ஒன்றிப் பிற உயிர்களின் கண்ணுக்குத் தப்பும் தகவமைப்பு. சருகுகளிடையே அடைகாக்கும் பக்கிப் பறவை காலடிக்கு அருகில் இருந்தாலும் புலப்படாது. இக்கலையில் கணவாய்க்கு நிகரில்லை. தோலிலுள்ள நிறமிப் பைகளைத் தசைகளால் விரித்தும் சுருக்கியும் நொடிப்பொழுதில் நிறம் மாற்றுகிறது. பாறையின் சொரசொரப்பைக்கூடத் தோலில் எழுப்பிக்கொள்கிறது. இத்தனைக்கும் அதன் கண்ணில் ஒரேவகை ஒளியுணர் நிறமியே உள்ளதால், அது நிறங்களைப் பிரித்தறியாது என்றே கருதப்படுகிறது.

மான், மீன் போன்றவற்றுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது, மேலிருந்து விழும் ஒளியால் உண்டாகும் நிழலைச் சமன்செய்து உடலின் திரட்சியை மறைக்கிறது. இதை 1896இல் விளக்கியவர் அமெரிக்க ஓவியர் அபட் தேயர். பூநாரையின் செந்நிறமும் அந்திவானில் மறைவதற்கே என்று அவர் பின்னர் வாதிட்டது மிகை. ஆயினும் முதல் கண்டுபிடிப்பின் மதிப்பு குறையவில்லை.

மனிதரின் படைகளும் மறைவதற்காகக் காக்கி உடையையும் இலைவண்ண வலைகளையும் பயன்படுத்துகின்றன. முதல் உலகப்போரில் கடலில் பிரிட்டனின் வழி வேறு. ஓவியர் நார்மன் வில்கின்சன் 1917இல் முன்மொழிந்தபடி, கப்பல்களில் முரண்பட்ட பட்டைகள் தீட்டப்பட்டன. கப்பலை மறைப்பது அதன் நோக்கமன்று. நீர்மூழ்கியில் குறிபார்ப்பவர் கப்பல் செல்லும் திசையைத் தவறாகக் கணிக்கச் செய்வதே. போர்க்காலக் கணக்குகள் அதன் பயனைத் தெளிவாக நிறுவவில்லை.