மெடிகேர் சட்டத்தின் உருவாக்கமும் முதியோர் காப்பீட்டின் எல்லைகளும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 65 வயது நிறைந்தோருக்கு அரசு வழங்கும் மருத்துவக் காப்பீடு மெடிகேர் எனப்படுகிறது. அதில் மருத்துவமனைச் செலவு பகுதி ஏ என்றும், மருத்துவர் கட்டணம் பகுதி பி என்றும் பிரிக்கப்பட்டுள்ளன. நோயுற்றவருக்கு இரண்டும் ஒரே நோயின் செலவுகளே. இப்பிரிவினைக்கான காரணம் மருத்துவத்தில் இல்லை. 1965ஆம் ஆண்டின் அரசியல் உடன்பாட்டில் உள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பின்புலம்

1945 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் எல்லா வயதினருக்குமான தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனைக் கடுமையாக எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை. பின்னர்ச் சீர்திருத்தம் நாடியோர் தம் கோரிக்கையை முதியோர் அளவில் சுருக்கிக்கொண்டனர். பணி ஓய்வுடன் நிறுவனக் காப்பீட்டை இழந்தோர்க்குத் தனியார் காப்பீடு எட்டாத விலையில் இருந்தது. முதியோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மருத்துவமனைக் காப்பீடே இல்லை.

மூன்று முன்மொழிவுகள்

1965இல் மூன்று திட்டங்கள் போட்டியிட்டன. ஊதிய வரியைக் கொண்டு மருத்துவமனைச் செலவை ஏற்பது லிண்டன் ஜான்சன் அரசின் திட்டம். விரும்புவோர் மாதச் சந்தா செலுத்தி மருத்துவர் கட்டணத்துக்கும் காப்பீடு பெறுவது குடியரசுக் கட்சியினரின் மாற்று. வறிய முதியோர்க்கு மட்டும் மாநிலங்களின் வழியே உதவுவது மருத்துவச் சங்கத்தின் மாற்று. பிரதிநிதிகள் அவையில் வரிச் சட்டங்களை ஆராயும் குழுவின் தலைவரான வில்பர் மில்ஸ், இம்மூன்றின் கூறுகளையும் ஒரே மசோதாவில் இணைத்தார். முதலாவது பகுதி ஏ ஆயிற்று. இரண்டாவது பகுதி பி ஆயிற்று. மூன்றாவது மெடிகெய்ட் என்னும் தனித்திட்டமாயிற்று.

1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், ட்ரூமன் முன்னிலையில் ஜான்சன் கையொப்பமிட்டார். 1966 ஜூலை 1 முதல் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. பகுதி பி சந்தா மாதம் 3 டாலர். அரசும் அதே அளவு தொகையைச் செலுத்தியது.

எல்லைகள்

இக்கட்டமைப்பு கடுநோயை மையமாகக் கொண்டது. முதுமையின் நீண்ட தளர்ச்சி அதன் கணக்கில் இடம்பெறவில்லை. மூல மெடிகேரில் செவிலியர் பராமரிப்பு இல்லச் செலவைப் பெற, பொதுவாக மூன்று நாளேனும் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் 100 நாள் உச்சவரம்பு உண்டு. குளிப்பாட்டுதல், உடுத்துதல், உணவூட்டுதல் ஆகிய அன்றாடத் துணை மட்டும் தேவைப்படுவோர்க்கு அதுவும் இல்லை. வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளுக்கான பரந்த காப்பீடு 2003இல் சட்டமாகி, 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

பக்கவாதத்தால் மருத்துவமனை சேர்ந்த முதியவரை மெடிகேர் தாங்குகிறது. மறதிநோயால் ஆண்டுக்கணக்கில் பிறர் துணையை நாடும் முதியவரோ, தம் சேமிப்பைப் பெரும்பாலும் கரைத்த பின்னரே மெடிகெய்ட்டின் வாயிலை அடைகிறார். இருவரும் ஒரே ஊதிய வரியைச் செலுத்தியவர்களே. 1965இல் சட்டத்தை நிறைவேறச் செய்த அதே உடன்பாடுதான் இவ்வேறுபாட்டையும் விட்டுச்சென்றது என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.