காதர்பேட்டையின் ஞாயிறும் கூஃபாவின் துணிக்கடையும்

ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குவோரில் கல்லூரி மாணவர்கள் பலர். கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சுமார் ஒரு மணி நேரப் பயணம். நிலையத்திற்கு அருகிலேயே காதர்பேட்டை. பெருநகர வணிக வளாகத்தில் ஒரு டி-சர்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே மூன்று நான்கு வாங்கிவிடலாம் என்பது விடுதி மாணவர் அனைவரும் அறிந்த கணக்கு. நம் வீட்டுப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் உண்டு. சிலர் தமக்கென வாங்குகின்றனர். சிலர் பை நிறைய வாங்கிச் சென்று, விடுதித் தோழர்களுக்கும் வாட்ஸ்அப் வழியாகவும் விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கின்றனர். இந்தக் கடைவீதி எவ்வாறு உருவானது, அதில் வாங்கி விற்பவரிடம் மார்க்கம் எதிர்பார்ப்பது என்ன என்பதை அப்பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருப்பது நலம்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு 1925ஆம் ஆண்டில் வித்திட்டவராகத் தொழில் வரலாறு குறிப்பிடும் பெயர் குலாம் காதர் என்பதாகும். நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியனே இவ்வூரின் சரக்கு. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் மும்பை ஏற்றுமதியாளர் வழியாக இங்கு வந்த பின்னரே நிலை மாறிற்று. 1980களின் நடுவில் ஆண்டுக்குப் பதினைந்து கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, 2024-25 நிதியாண்டில் நாற்பதாயிரம் கோடி ரூபாயை ஒட்டி வளர்ந்துள்ளது.

இவ்வளர்ச்சியின் ஓரத்தில் பிறந்ததே இன்றைய காதர்பேட்டை. பத்தாயிரம் உருப்படிக்கு ஆர்டர் வந்தால், நெசவிலும் சாயத்திலும் தையலிலும் சில கெடும் என்று எண்ணி நிறுவனம் சற்று அதிகமாகவே வெட்டித் தைக்கும். வெளிநாட்டார் தமக்குரிய எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள, எஞ்சியது ‘சர்ப்ளஸ்’ ஆகும். ஊசி ஒடிந்ததால் விழுந்த கோடு, எண்ணெய்க் கறை, சாயத்தின் நிற வேறுபாடு, அளவுப் பிழை ஆகியவற்றால் ஒதுக்கப்பட்டது ‘செகண்ட்ஸ்’ ஆகும். காலந்தாழ்ந்ததால் முழு ஆர்டரே தள்ளுபடியாவதும் உண்டு. இவையனைத்தும் வந்து சேரும் இடம் இதுவே. சனிக்கிழமை வாரச் சம்பளம் பெறும் தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிறன்று இங்கே துணி எடுத்தன. மாணவர்கள் அவர்களுக்குப் பின் வந்தவர்கள்.

‘செகண்ட்ஸ்’ என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இது முதல் தரம் அன்று என்பதை விற்பவன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் சொல் அது. குறை சொல்லப்படுகிறது, அதற்கேற்ப விலை குறைகிறது, வாங்குபவன் விரித்துப் பார்த்து, மனமொப்பி எடுத்துச் செல்கிறான். குறையுள்ள பொருளை விற்பது குற்றமன்று. குறையை மறைத்து விற்பதே குற்றம்.

மதீனத்துச் சந்தையில் நிகழ்ந்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கின்றார்கள். தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவான இச்செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் கூறவில்லை. அது மேலே இருக்கட்டும் என்றே கூறினார்கள்.

கொங்கு நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே ஒரு துணி வணிகர் என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரிவதில்லை. ஹிஜ்ரி 80இல் பிறந்து 150இல் மறைந்த அவர்கள், கூஃபா நகரில் பட்டுத் துணி வணிகம் செய்தார்கள். இளமையில் சந்தைக்குச் சென்றுகொண்டிருந்த அவர்களை அறிஞர் ஷஅபீ (ரஹ்) கண்டு, எங்கே செல்கிறாய் என்று வினவியதும், இவ்வளவு கூர்மையுள்ள நீ அறிஞர்களின் அவைக்கும் செல் என்று தூண்டியதும் அவர்களின் வரலாற்றில் இடம்பெற்றவை. அதன்பின் கல்வியில் மூழ்கிய இமாம் கடையையும் விட்டுவிடவில்லை. அந்த வருவாயிலிருந்தே மாணவர்களைப் பேணினார்கள். பிற்காலத்தில் தலைமை நீதிபதியாக உயர்ந்த அபூயூசுஃப் (ரஹ்) அவ்வாறு ஆதரிக்கப்பட்ட ஏழை மாணவரே. கல்வியும் கடைவீதியும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று அஞ்சுவோருக்கு இவ்வரலாறு தக்க விடையாகும்.

அந்த இமாமின் கடையிலும் ஒரு ‘செகண்ட்ஸ்’ துணி இருந்தது. தம் கூட்டாளி ஹஃப்ஸ் என்பவரிடம் சரக்கை அனுப்பும்போது, குறிப்பிட்ட ஒரு துணியில் குறை இருப்பதையும் விற்கும்போது அதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதையும் இமாம் அறிவித்திருந்தார்கள். ஹஃப்ஸ் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாம் அச்சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற அறிவிப்பைக் கடைகளில் காண்கிறோம். எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் விற்பதை ஹனஃபி சட்ட நூல்கள் செல்லுபடியாகும் என்றே கூறுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபிலோ இந்த நிபந்தனைக்கு இடம் மிகக் குறைவு. எனினும், தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைப்பது பாவம் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பலகை சட்டத்தின் முன் காப்பாற்றலாம். அல்லாஹ்வின் முன் காப்பாற்றாது.

மறைத்த குறை என்றோ ஒருநாள் வெளிப்படும் என்பதற்கு இவ்வூரின் நொய்யலாறே சாட்சி. வண்ண ஆடைகளின் சாயக்கழிவு பல ஆண்டுகள் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்புற விவசாயிகளின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. அத்துணிகளின் விலைச்சீட்டில் இந்தச் சேதம் எழுதப்படவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்தே தவித்தன. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டுக்குப் பின்னரே தொழில் மீண்டது.

இனி நம் மாணவருக்கு வருவோம். ஞாயிறன்று வாங்கியதைத் திங்களன்று விற்கும் பிள்ளை செய்வது ஹலாலான உழைப்பு. பெற்றோர் அதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் காதர்பேட்டைக் கடைக்காரர் ‘செகண்ட்ஸ்’ என்று சொல்லிக் கொடுத்ததை, அலைபேசிப் படத்தில் கறையுள்ள பக்கத்தை மடித்து மறைத்து, ‘ஒரிஜினல் எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ என்று எழுதும்போது நனைந்த தானியம் மீண்டும் குவியலின் அடிக்குச் செல்கிறது. லேபிள் வெட்டப்பட்ட ஆடையில் புகழ்பெற்ற நிறுவனத்தின் போலி லேபிளைத் தைத்து விற்பதோ அதனினும் கொடிய பொய். நேரில் விரித்துப் பார்க்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு இல்லாதபோது, சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு இன்னும் கூடுகிறது. கறை தெரியும்படி ஒரு படம், ஊசிக்கோடு உண்டு என்று ஒரு வரி, அவ்வளவே தேவை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியில் உள்ளது.

வாங்கச் செல்லும் பிள்ளைக்கும் கடமை உண்டு. மலிவு என்பதற்காகத் தேவையற்றதை அள்ளுவது வீண்விரயம். நடைபாதையில் துணி விரித்து விற்கும் ஏழையிடம் கடைசி ஐந்து ரூபாய் வரை பேரம் பேசுவது ஆண்மையன்று. லுஹர் பாங்கு ஒலித்தால் பையை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குச் சென்று திரும்பட்டும். கடைவீதி அங்கேயேதான் இருக்கும்.

மாதம் ஒருமுறையேனும், பிள்ளை வாங்கி வந்ததையும் விற்று வந்ததையும் பெற்றோர் உடனமர்ந்து கேட்டறிவது நன்று. இலாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், குறையைச் சொன்னாயா என்று கேட்போம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் கைத்தொழிலிலும் வாய்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.