உருக மறுத்த நூல்

ஊட்டிக்குப் புறப்படுகிற அவசரத்தில், கோவையில் ஒரு நடைபாதைக் கடையில் ஸ்வெட்டர் வாங்கினேன். "அசல் கம்பளிதானா?" என்று கேட்டேன். "கம்பளி இல்லை ஸார், அதனால்தான் பூச்சி அரிக்காது!" என்றார் கடைக்காரர். அந்தப் பதிலுக்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது.

அதன் பெயர் அக்ரிலிக். ஆட்டின் முதுகில் வளராமல் ரசாயனத் தொட்டியில் பிறந்த நூல். அக்ரிலோநைட்ரைல் என்ற திரவத்தை 1893-ல் சார்ல்ஸ் மூரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி முதன்முதலில் தயாரித்தார். அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் உறுதியான பொருள் கிடைத்தது. ஆனால், பொல்லாத பொருள்! நைலானைப் போல் உருக்கி இழுக்கலாமென்றால், உருகுவதற்கு முன்பே சிதையத் தொடங்கியது. கரைக்கலாமென்றாலோ, வழக்கமான கரைப்பான் எதற்கும் மசியவில்லை. பிறகு எப்படி நூற்பது?

1940-களின் தொடக்கத்தில், உலகம் யுத்தத்தில் மூழ்கியிருந்தபோது, அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ரே ஹவுட்ஸும், ஜெர்மனியில் ஹெர்பர்ட் ரைனும் தனித்தனியே அதற்கு விடை கண்டார்கள். டைமெதில் ஃபார்மமைடு என்ற திரவத்தில் அது கரைந்தது! கரைசலை நுண்துளைகள் வழியே பீச்சி, திரவத்தை ஆவியாக்கினால் இழை மிஞ்சும். 'ஆர்லான்' என்ற பெயரில், 1950-ல் தென் கரோலினாவிலுள்ள காம்டனில் உற்பத்தி ஆரம்பமாயிற்று.

கம்பளியின் கதகதப்பு அதில் உண்டு, கனம் இல்லை. தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, சீக்கிரம் உலரும், வெயிலுக்கும் அஞ்சாது. குறைகளும் உண்டு. உராய்ந்த இடத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். தீப்பற்றினால் நச்சுப் புகை எழும்.

ஆனால், கதை ஸ்வெட்டரோடு முடியவில்லை. 1959 வாக்கில், ஜப்பானிலுள்ள ஒஸாகாவில் அகியோ ஷிண்டோ என்ற ஆராய்ச்சியாளர் இந்த நூலைப் பக்குவமாகச் சுட்டுப் பார்த்தார். முதலில் காற்றில் மெதுவாகச் சூடாக்கி, பிறகு ஆக்ஸிஜன் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சினால், நூல் உருகி ஓடவில்லை. வடிவம் குலையாமல் கரிய இழையாயிற்று. எடையில் எஃகைவிட மிக லேசு. வலிமையிலோ அதற்குச் சவால்! 2011-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787 விமானத்தின் எடையில் சுமார் பாதி, இத்தகைய கரி இழையைப் பிசினில் பதித்த கலவைப் பொருள்கள்தாம்.

எந்தப் பிடிவாதத்தால் நூலாக மாட்டேன் என்றதோ, அதே பிடிவாதம்தான் அதை ஆகாயத்தில் ஏற்றியது.

என் ஸ்வெட்டரின் முழங்கையில் இப்போது உருண்டைகள் திரண்டுவிட்டன. ஆனாலும் தூக்கியெறிய மனம் வரவில்லை. கடைக்காரர் சொன்னது சரி. கம்பளி இல்லைதான், அதனால்தான்!