இந்திய இரண்டாம் அணி (44வது சதுரங்க ஒலிம்பியாடு)

இந்திய இரண்டாம் அணி என்பது 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44வது சதுரங்க ஒலிம்பியாடின் பொதுப்பிரிவில் விளையாடி வெண்கலப் பதக்கம் வென்ற அணி ஆகும். செய்தித்தாள்களில் இது 'இந்தியா பி' என்றும் குறிப்பிடப்பட்டது. நான்கு பதின்ம வயது கிராண்ட்மாஸ்டர்களும் ஒரேயொரு மூத்த ஆட்டக்காரரும் இவ்வணியில் இடம்பெற்றனர். போட்டியை நடத்தும் நாடு என்ற வகையில் கிடைத்த கூடுதல் இடத்தில், இளையோருக்கு அனுபவம் தரும் அணியாகவே பலரும் இதனைக் கருதினர். எனினும் நாட்டின் முதல் அணியை நான்காம் இடத்தில் விட்டுவிட்டு இவ்வணி மூன்றாம் இடம் பெற்றது. வளரும் ஆட்டக்காரர்களையும் அனுபவமுள்ளோரையும் ஓர் அணியில் எவ்வாறு சேர்ப்பது என்ற கேள்வி எழும்போது இந்திய விளையாட்டு வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டத்தக்க அணிகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

44வது ஒலிம்பியாடு முதலில் உருசியாவில் நடைபெறுவதாக இருந்தது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022 பிப்ரவரியில் அவ்வாய்ப்பு உருசியாவிடமிருந்து விலக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் சென்னைக்கு வழங்கப்பட்டது. தொடக்க விழா சூலை 28 அன்று சென்னை ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்றது. ஆட்டங்கள் சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மாமல்லபுரத்தில், பூஞ்சேரிப் பகுதியில் அமைந்த விடுதி வளாகம் ஒன்றில் சூலை 29 முதல் ஆகத்து 9 வரை 11 சுற்றுகளாக நடந்தன. பொதுப்பிரிவில் 188 அணிகள் பங்கேற்றன.

நடத்தும் நாடு இரண்டு அணிகளைக் களமிறக்கலாம். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்தால் மூன்றாவது அணிக்கும் இடமுண்டு. இதன்படி இந்தியா ஒவ்வொரு பிரிவிலும் மூன்று அணிகளை நிறுத்தியது. விசுவநாதன் ஆனந்த் இம்முறை ஆடாமல் வழிகாட்டியாக மட்டும் இருந்தார். அவர் ஆடியிருந்தால் முதல் அணியில் ஓரிடம் நிரம்பி, கீழுள்ள அணிகளின் அமைப்பும் மாறியிருக்கக்கூடும்.

சென்னையில் மூத்தோரிடம் இளையோர் பழகி வளரும் வழக்கம் பழமையானது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் முன்னின்று நடத்திய தால் சதுரங்க மன்றத்தில் சிறுவனாக ஆடிப் பழகியவரே ஆனந்த். அவர் 1984இல் தெசலோனிகி ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக ஆடியபோது அவருக்கு வயது 14.

ஆட்டக்காரர்கள்

ஒலிம்பியாடு அணியில் ஐவர் இருப்பர். ஒவ்வொரு சுற்றிலும் நால்வர் ஆடுவர், ஒருவர் ஓய்வெடுப்பார். இந்திய இரண்டாம் அணியின் பலகை வரிசை, போட்டி தொடங்கிய நாளில் அவரவர் வயதுடன் வருமாறு:

முதற் பலகை: டி. குகேஷ் (16)
இரண்டாம் பலகை: நிகால் சரின் (18)
மூன்றாம் பலகை: ர. பிரக்ஞானந்தா (16)
நான்காம் பலகை: பா. அதிபன் (29)
மாற்று ஆட்டக்காரர்: ரௌனக் சாத்வானி (16)

ஐவரின் சராசரி வயது 19. அதிபனை நீக்கிப் பார்த்தால் 16½ மட்டுமே. ஒப்பீட்டிற்கு, ஹரிகிருஷ்ணா, விதித் குஜராத்தி, அர்ஜுன் எரிகைசி, நாராயணன், சசிகிரண் ஆகியோர் அடங்கிய முதல் அணியின் சராசரி வயது 29ஐத் தாண்டியிருந்தது. எலோ தரவுகோளின்படி முதல் அணி இரண்டாவது தரநிலையிலும் இரண்டாம் அணி பதினோராவது தரநிலையிலும் போட்டியைத் தொடங்கின.

குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னையைச் சேர்ந்தவர்கள். நிகால் கேரளத்தின் திருச்சூரையும் ரௌனக் நாகபுரியையும் சேர்ந்தவர்கள். இந்நால்வரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள் அல்லர். 2020 டிசம்பரில் ஆனந்தின் பெயரில் தொடங்கப்பட்ட வெஸ்ட்பிரிட்ஜ்-ஆனந்த் சதுரங்கப் பயிலகத்தில் முதலில் சேர்க்கப்பட்ட ஐவரில் நால்வர் இவர்களே. ஐந்தாமவர் பிரக்ஞானந்தாவின் அக்காள் வைசாலி. ஆனந்துடன் போரிஸ் கெல்ஃபாண்டு, ஆர்த்தர் யூசுபோவ் போன்ற முன்னாள் முன்னணி ஆட்டக்காரர்கள் அங்குப் பயிற்சியளித்தனர். மூத்தோரின் அனுபவம் இவ்விளைஞர்களுக்கு அணியில் சேர்வதற்கு முன்னரே கிடைத்திருந்தது என்பதை இவ்வணியின் வெற்றியை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

அதிபன் 2008இல் 16 வயதிற்குட்பட்டோர் உலக வாகையாளராகவும் அடுத்த ஆண்டு தேசிய வாகையாளராகவும் விளங்கியவர். 2017இல் விக் ஆன் சீ போட்டியின் முதன்மைப் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். எனினும் 2022இல் அணியிலேயே குறைந்த தரவுகோள் (2598) அவருடையதாகும். குகேஷின் தரவுகோள் அப்போது 2684. மாற்று ஆட்டக்காரராக நிறுத்தப்பட்ட ரௌனக்கும் அதிபனைவிடச் சற்றே மேலிருந்தார்.

பலகை வரிசை

சதுரங்க ஒலிம்பியாடில் பலகை வரிசை போட்டி தொடங்குமுன் அளிக்கப்பட வேண்டும், பின்னர் மாற்ற இயலாது. ஒருவர் ஓய்வெடுத்தால் அவருக்குக் கீழுள்ளோர் ஒரு பலகை மேலேறுவர். எனவே மூத்தவரை எங்கு அமர்த்துவது என்பது மரியாதை பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை, அது கணக்கும் ஆகும். முதற் பலகையில் அமர்பவர் எதிரணியின் மிக வலிய ஆட்டக்காரரை நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டும். அங்கு அனுபவசாலியை நிறுத்தி, இளையவர்களை மெலிந்த எதிராளிகளுடன் மோதவிடுவது ஒரு மரபான முறை. முதல் அணி ஹரிகிருஷ்ணாவை முதற் பலகையில் அமர்த்தியது. இரண்டாம் அணி இதற்கு நேர்மாறாகச் செய்தது. பதினாறு வயதுச் சிறுவன் முதற் பலகையில் அமர, அவனைவிட 13 ஆண்டுகள் மூத்தவர் நான்காம் பலகையில் அமர்ந்தார்.

அணித்தலைவர் பொறுப்பைப் பயிற்சியாளர் ஆர். பி. ரமேஷ் ஏற்றிருந்தார். 2003இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற இவர், 2008 முதல் ஆடுவதை விட்டுப் பயிற்சியளிப்பதில் முழுமையாக ஈடுபட்டவர். பிரக்ஞானந்தா இவரது மாணவர். ஏனைய இளைஞர்கள் வேறு பயிற்சியாளர்களிடம் வளர்ந்தவர்கள். ஆட்டத்தின்போது அணித்தலைவர் நிலையைப் பற்றிக் கருத்துக் கூற விதி இடம் தருவதில்லை. சமன் கேட்கலாமா, ஏற்கலாமா, ஆட்டத்தைக் கைவிடலாமா என்ற அளவில் மட்டுமே அவர் சொல்லலாம். ஆகவே அவருடைய முதன்மையான அதிகாரம் எந்தச் சுற்றில் யாருக்கு ஓய்வு என்று முடிவு செய்வதே.

ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை அந்த முடிவுகளைக் காட்டுகிறது. குகேஷ் 11 சுற்றுகளிலும் ஆடினார். நிகால் 10, பிரக்ஞானந்தா 9 ஆட்டங்கள் ஆடினர். மொத்தமுள்ள 44 ஆட்டங்களில் எஞ்சிய 14 ஆட்டங்களை அதிபனும் ரௌனக்கும் பகிர்ந்துகொண்டனர். அனுபவசாலியே அதிகம் ஓய்வெடுத்தவர்களுள் ஒருவராக இருந்தார்.

போட்டிகள்

ஐக்கிய அரபு அமீரகம், எஸ்தோனியா, சுவிட்சர்லாந்து ஆகிய அணிகளை 4-0 என்ற கணக்கில் வென்று இவ்வணி தொடங்கியது. நான்காம் சுற்றில் இத்தாலியை 3-1 எனத் தோற்கடித்தது.

ஐந்தாம் சுற்றில் எசுப்பானியாவுடன் நடந்த போட்டி முதல் உண்மையான சோதனை. பிரக்ஞானந்தா தோல்வியுற, நிகால் சமன் செய்தார். முதற் பலகையில் குகேஷ் அலெக்சி ஷீரோவையும், கடைசிப் பலகையில் அதிபன் எதுவார்தோ இட்டுரிசாகாவையும் வென்றதால் அணி 2½-1½ எனத் தப்பியது. இளையவர் ஒருவர் தடுமாறிய நாளில் கீழ்ப் பலகையிலிருந்து வந்த அந்த ஒரு புள்ளியே அதிபனின் சிறந்த பங்களிப்பு எனலாம்.

மறுநாளே நிலைமை மாறியது. ஆறாம் சுற்றில் பிரக்ஞானந்தாவுக்கு ஓய்வளிக்கப்பட்டது. ஆர்மீனியாவுக்கு எதிராகக் குகேஷ் வென்றார், நிகால் சமன் செய்தார், ஆனால் மூன்றாம் நான்காம் பலகைகளில் ஆடிய அதிபனும் ரௌனக்கும் தோற்றனர். 1½-2½ என்ற இத்தோல்வியே போட்டித் தொடர் முழுவதிலும் அணி கண்ட ஒரே தோல்வியாகும். ஆர்மீனியா இறுதியில் வெள்ளி வென்றது.

ஓய்வு நாளுக்குப் பின் கியூபாவை 3½-½ என வென்ற அணி, எட்டாம் சுற்றில் முதல் தரநிலையிலிருந்த அமெரிக்காவைச் சந்தித்தது. இம்முறை அதிபன் ஓய்வெடுத்தார். நான்கு பலகைகளிலும் பதின்ம வயதினரே அமர்ந்தனர். குகேஷ் ஃபாபியானோ கருவானாவையும் ரௌனக் லெனியர் டொமிங்கெசையும் வென்றனர். நிகால் லெவோன் அரோனியனுடனும் பிரக்ஞானந்தா வெஸ்லி சோவுடனும் சமன் செய்தனர். முடிவு 3-1. இரு சுற்றுகளுக்கு முன் தோல்வியுற்ற ரௌனக் அன்று மீண்டும் களமிறக்கப்பட்டார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு தோல்விக்காக இளையவரை உட்கார வைப்பது பயிற்சியாளர்களின் வழக்கமான எதிர்வினை.

அதுவரை குகேஷ் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்தார். ஒன்பதாம் சுற்றில் அசர்பைஜானின் மமெதியாரோவ் அவரைச் சமனில் நிறுத்தினார். தோல்வியின் விளிம்பிலிருந்த அப்போட்டியை, வாசிஃப் துரார்பைலியை வென்று பிரக்ஞானந்தா 2-2 என முடித்து வைத்தார்.

பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானுடன் நடந்த போட்டியே தங்கத்தின் திசையை முடிவு செய்தது. பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றார். முதற் பலகையில் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றி வாய்ப்புள்ள நிலையில் இருந்த குகேஷ், நேர நெருக்கடியில் தவறிழைத்துத் தோற்றார். மற்ற இரு பலகைகள் சமனாக, போட்டி 2-2 என முடிந்தது. அப்போட்டியை வென்று, ஏனைய முடிவுகள் மாறாதிருந்தால், இந்திய அணி 19 புள்ளிகளை எட்டியிருக்கும். தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான் 18 புள்ளிகளில் நின்றிருக்கும். ஒரு சுற்றிலும் ஓய்வின்றிப் பத்தாவது ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த பதினாறு வயதினரிடமிருந்து வந்த தவறு அது. எட்டு வெற்றிகள் பெற்றவருக்கு ஓய்வளிக்க எந்த அணித்தலைவருக்கும் மனம் வருவதில்லை என்பதும் உண்மை.

இறுதிச் சுற்றில் செருமனியை 3-1 என வென்று அணி மொத்தம் 18 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றது. தனிநபர் ஆட்டத்தில் 9/11 பெற்ற குகேஷும் 7½/10 பெற்ற நிகாலும் தத்தம் பலகைகளில் தங்கமும், 6½/9 பெற்ற பிரக்ஞானந்தா வெண்கலமும் வென்றனர். தமிழ்நாடு அரசு இவ்வணிக்கும், மகளிர் பிரிவில் வெண்கலம் வென்ற இந்திய முதல் அணிக்கும் தலா ஒரு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது.

தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தானும் பதின்ம வயதினரை நம்பிய அணியே. அப்துசத்தோரோவுக்கு அப்போது 17 வயது, சிந்தாரோவுக்கு 16. தொடக்கத் தரநிலை 14. அங்கு முதிர்ந்த அனுபவம் பலகையில் அமரவில்லை; 1968இல் பிறந்த பயிற்சியாளர் இவான் சோகோலோவின் உருவில் பலகைக்குப் பின்னால் நின்றது.

முன்னோடிகள்

இந்தியா இதற்கு முன் ஒலிம்பியாடு பொதுப்பிரிவில் பதக்கம் வென்றது 2014இல், நார்வேயின் துரோம்சோ நகரில். அந்த வெண்கல அணியில் ஆனந்தும் ஹரிகிருஷ்ணாவும் இல்லை. பரிமார்ஜன் நேகி, சேதுராமன், லலித் பாபு ஆகியோருடன் 33 வயதுச் சசிகிரண் மூத்தவராக இருந்தார். அதே அணியில் 21 வயது இளைஞராக ஆடியவர் அதிபன். அப்போதும் பயிற்சியாளர் ரமேஷே. எட்டாண்டுகளில் இளையவர் இருக்கையிலிருந்து மூத்தவர் இருக்கைக்கு அதிபன் நகர்ந்திருந்தார். சதுரங்கத்தில் 29 வயதிலேயே ஒருவர் மூத்தவராகிவிடும் காலத்தையும் இது காட்டுகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழியில் நடந்த 2020 ஒலிம்பியாடில் இக்கலவை விதியாகவே வகுக்கப்பட்டது. ஒவ்வொரு அணியின் ஆறு பலகைகளில் இரண்டு 20 வயதிற்குட்பட்ட ஓர் இளைஞருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் ஒதுக்கப்பட்டன. இதனால் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் ஒரே அணியில் இடம்பெற்றனர். இறுதிப்போட்டியில் இணைய இணைப்புக் கோளாறு ஏற்பட்டு இந்தியாவும் உருசியாவும் கூட்டு வாகையாளர்களாக அறிவிக்கப்பட்டன.

பிந்தைய காலம்

2024இல் புடாபெஸ்டில் நடந்த 45வது ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. பொதுப்பிரிவு அணியில் மாமல்லபுரத்து இரண்டாம் அணியிலிருந்து குகேஷ், பிரக்ஞானந்தா ஆகிய இருவரும், முதல் அணியிலிருந்து அர்ஜுன், விதித், ஹரிகிருஷ்ணா ஆகிய மூவரும் இடம்பெற்றனர். 2022இல் முதற் பலகையில் அமர்ந்திருந்த ஹரிகிருஷ்ணா இம்முறை மிகச் சில ஆட்டங்களே ஆடினார். அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் திங் லிரெனை வென்று குகேஷ் உலக வாகையாளரானபோது, அவருக்குத் திரைமறைவில் ஆட்டத் தயாரிப்பில் உதவிய குழுவில் ஹரிகிருஷ்ணாவும் இருந்தது பின்னர் தெரியவந்தது.

நிகால் சரின் 2025இல் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக்கோப்பையை ஒட்டி இந்திய மின்விளையாட்டுக் குழு ஒன்றில் ஒப்பந்தமானார். சதுரங்கம் அக்கோப்பையில் சேர்க்கப்பட்டது அதுவே முதன்முறை.