ஓப் மாவட்டத்துப் பழங்கொடிகள்

ஷாம்பெய்ன் என்றதும் பந்தய வெற்றியாளர் பீய்ச்சியடிக்கும் நுரைதான் பலருக்கும் நினைவில் எழும். அந்தப் பெயருக்காகத் தெருவில் இறங்கிய ஏழைக் குடியானவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அவர்களைக் காண, பிரான்சின் ஷாம்பெய்ன் நிலத்தில் பெருநிறுவனங்கள் குடிகொண்ட ரேன்ஸ், எப்பெர்னே நகரங்களை விட்டு நீங்கி, தெற்கே ஓப் மாவட்டத்திற்கு நாம் செல்லவேண்டும்.

ஓப் மாவட்டத்தின் தலைநகர் த்ருவா. இடைக்காலத்தில் ஷாம்பெய்ன் கோமகன்கள் வீற்றிருந்ததும் இந்நகரில்தான். ஆயினும் 1908 டிசம்பரில் வந்த ஓர் அரசாணை, ஷாம்பெய்ன் என்னும் பெயருக்குரிய எல்லையை வகுத்தபோது ஓப் மாவட்டத்தை வெளியே நிறுத்திவிட்டது. பழைய தலைநகரே தன் நாட்டின் பெயருக்கு அந்நியமாயிற்று! அதுவரை இம்மாவட்டத்துத் திராட்சையை வடக்கே மார்ன் மாவட்டத்து வணிகர்கள் வாங்கித் தம் மதுவில் கலந்து வந்தனர் என்பதையும் சேர்த்து எண்ணினால் இக்கொடுமை விளங்கும்.

மார்ன் உழவர்க்கும் குறை இருந்தது. வணிகர்கள் வெளிமாநிலத் திராட்சையை வரவழைத்துத் தம் விலையைக் குலைக்கிறார்கள் என்று அவர்கள் குமுறினர். 1910இல் மழையும் பூஞ்சையும் விளைச்சலை ஏறத்தாழ முற்றாக அழித்தன. 1911 ஏப்ரல் 9 அன்று ஓப் குடியானவர்கள் த்ருவாவில் பெருந்திரளாகக் கூடினர். மேயர்கள் பதவி துறந்தனர், வரிப்பதிவேடுகள் எரிந்தன. செனட் சபை அசைந்து, எல்லையை நீக்கலாம் எனக் கருத்துரைத்தது. உடனே மார்ன் மாவட்டம் கொதித்தெழுந்து, ஆயி என்னும் ஊரில் வணிகர் மாளிகைகளுக்குத் தீயிட்டது. இரு தரப்பும் உழவர்களே. ஒரே பெயருக்காக எதிரெதிர் நின்றனர் என்பதுதான் இவ்வரலாற்றின் துயரம். அவ்வாண்டு ஜூனில் அரசு 'ஷாம்பெய்ன், இரண்டாம் வட்டாரம்' என்றொரு அரைப்பெயரை ஓபுக்கு வழங்கியது. முழுப்பெயர் கிடைத்தது 1927இல்.

அதே 1927 சட்டம் ஒரு விலையும் கேட்டது. ஓபில் பரவலாக வளர்ந்த கமே என்னும் திராட்சை வகை இனி ஷாம்பெய்னுக்கு ஆகாது என்று அது விதித்தது. தவணை கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் செய்தனர். அவ்விடங்களில் பினோ நுவார் ஏறியது. அதற்கு முன்பே ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி பழந்தோட்டங்களை அழித்து, அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கொடிகளையே நடும்படி ஆக்கியிருந்தது. ஆகவே இம்மாவட்டத்தில் பழங்கொடி என்பது இருமுறை நிகழ்ந்த வேரறுப்புக்குப் பின் நிலைத்த ஒன்று. புட்டியின்மேல் 'பழங்கொடி' என்று அச்சிடப் பிரெஞ்சுச் சட்டத்தில் வயது வரையறை ஏதுமில்லை. விளைச்சல் குறைந்த கொடியை வைத்துக்கொள்வதா, பிடுங்குவதா என்பது குடும்பத்தின் முடிவு.

செய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கூர்த்தரோன் என்னும் சிற்றூரில் ஃப்ளெரி குடும்பம் இத்தகைய முடிவுகளைத் தலைமுறைகளாக எடுத்து வருகிறது. 1929இல் திராட்சை விலை வீழ்ந்தபோது ரொபேர் ஃப்ளெரி, வணிகரிடம் தோற்று நிற்காமல் தாமே மதுவாக்கிப் புட்டியில் அடைத்தார். 1989இல் ழான்-பியேர் ஃப்ளெரி, ஷாம்பெய்னில் முதன்முதலாகத் தோட்டத்தை உயிராற்றல் வேளாண்மைக்கு மாற்றினார். 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் உள்ள கோபர்விட்ஸில் ஆற்றிய உரைகளில் பிறந்த முறை அது. பசுவின் கொம்பில் சாணம் நிரப்பிக் குளிர்காலம் முழுதும் புதைத்துவைத்து, பிறகு சிறிதளவை நீரில் கலக்கித் தெளிப்பார்கள். நாள் பார்க்கப் பஞ்சாங்கமும் உண்டு. கொம்பின் ஆற்றலுக்கு அறிவியல் சான்று மெலிந்ததே. ஆனால் 1990கள் வரை பாரிஸ் நகரக் குப்பையைப் பிளாஸ்டிக் துண்டுகளோடு கொட்டி உரமிட்ட நிலத்தில், மண்ணை உயிருள்ளதாக எண்ணிய ஒருவரை நாம் எளிதில் நகைக்க இயலாது. ஈரம் மிகுந்த அந்நாட்டில் பூஞ்சையைத் தடுக்க அவர்களும் தாமிரத்தைத் தெளித்தாக வேண்டியிருப்பதும் உண்மை. அது மண்ணில் தங்கிவிடும் உலோகம்.

சங்கப் புலவர் மதுவைத் தேறல் என்றனர். தெளிந்தது என்று பொருள். ஷாம்பெய்னும் புட்டிக்குள் மறுமுறை நொதித்து, மாதக்கணக்கில் வண்டலோடு கிடந்து, அவ்வண்டலைக் கழுத்தில் திரட்டி வெளியேற்றிய பிறகே தெளிகிறது. ஆண்டு குறிக்காத ஷாம்பெய்னுக்கும் சட்டம் 15 மாதம் காத்திருக்கச் சொல்கிறது. கொடியோ முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்தால்தான் அதைப் பழங்கொடி என்பார்கள். அதற்குள் நட்டவரின் பேரன் தோட்டத்திற்கு வந்துவிடுகிறான். தாத்தாவின் கொடியிலிருந்து குச்சி வெட்டி, ஒட்டுக்கட்டி, பக்கத்து வரிசையில் நடுகிறான்.