ஒரு டிராவின் மதிப்பு

எங்கள் பக்கத்தில் நெல்லுக்கு இரண்டு பருவங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ. பூ என்பது இங்கு மலர் அல்ல. விதைப்பிலிருந்து அறுப்பு வரையிலான காலம். நாஞ்சில் நாட்டு விவசாயி ஒருவரிடம் ஒரு பூவைப் பற்றிக் கேட்டால் அவர் அறுப்பு நாளைப் பற்றிப் பேசமாட்டார். மடையில் தண்ணீர் எப்போது வந்தது, எந்த வாரம் மழை தப்பியது, எந்த வாரம் அதிகமாகப் பெய்தது என்றுதான் சொல்லிக்கொண்டு போவார். அறுப்பு அவருக்கு ஒரு முடிவு மாத்திரம். விளைச்சலை அந்த நாள் தீர்மானிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

2018-19ஆம் ஆண்டின் ஐ-லீக் கால்பந்துப் பருவம் ஏறத்தாழ ஒரு கும்பப்பூவின் நீளம். அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. அதைச் சென்னை சிட்டி எஃப்.சி. வென்றது. 1996இல் தேசிய லீக் என்ற பெயரில் தொடங்கி, 2007இல் ஐ-லீக் ஆன இந்தப் போட்டியைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுவே முதல் தடவை. இதைப் பற்றித் தமிழில் செய்தித்தாள் பத்திகளைத் தாண்டி ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடினேன். நான் தேடியவரையில் எதுவும் அகப்படவில்லை. கால்பந்துக்கும் நம் இலக்கியப் பிரக்ஞைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். சம்பந்தம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சரித்திரத்தை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்ற கேள்வி இதில் இருக்கிறது.

முதலில் கணக்கு. அந்தப் பருவத்தில் 11 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பத்து அணிகளுடன் இரண்டு முறை, சொந்த ஊரில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாக, மொத்தம் 20 ஆட்டங்கள். முடிவில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகம். இந்த ஒரு புள்ளியையும் அப்படித்தான் தேடினேன். சென்னை சிட்டி வென்றவை 13, டிரா 4, தோற்றவை 3. ஈஸ்ட் பெங்கால் வென்றவையும் 13. டிரா 3, தோற்றவை 4. வெற்றிகள் சமம். வித்தியாசம் இவ்வளவுதான்: ஓர் அணி தோற்ற இடத்தில் மற்ற அணி தோற்காமல் இருந்திருக்கிறது. பட்டத்தின் மொத்த எடை ஒரு டிரா.

டிராவுக்கு ஒரு புள்ளி என்பது இயற்கை நியதி அல்ல. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1888இல் இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கின. ஆஸ்டன் வில்லாவைச் சேர்ந்த வில்லியம் மக்கிரெகர் என்ற துணிக்கடைக்காரரின் யோசனை அது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது 1885இல் அங்கே சட்டபூர்வமாகியிருந்தது. சம்பளம் வாரா வாரம் கொடுக்க வேண்டும். ஆனால் கோப்பைப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்ற அணிக்கு அப்புறம் ஆட்டமில்லை, வசூலும் இல்லை. ஒத்துக்கொண்ட நட்பு ஆட்டங்கள் கடைசி நேரத்தில் ரத்தாயின. நிச்சயமான தேதிகள் தேவைப்பட்டன. லீக் பிறந்தது வீர உணர்ச்சியிலிருந்து அல்ல, சம்பளப் பட்டுவாடாவின் நிர்ப்பந்தத்திலிருந்து. இதில் இன்னொரு விஷயம், பருவம் தொடங்கி ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோதுதான், அந்த நவம்பரில், புள்ளி முறையையே முடிவு செய்தார்கள். வெற்றியை மட்டும் எண்ணினால் போதும் என்று ஒரு கட்சி. வெற்றிக்கு இரண்டு, டிராவுக்கு ஒன்று என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்தது. தோற்காமல் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. முதல் கட்சி ஜெயித்திருந்தால், 130 ஆண்டுகளுக்குப் பிறகு கோயம்புத்தூரிலும் கோழிக்கோட்டிலும் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு கடைசி ஆட்டங்கள் இரு அணிகளையும் சமமாகவே விட்டிருக்கும்.

அதே 1888இல்தான் சிம்லாவில் டுராண்ட் கோப்பை தொடங்கியது. இந்தத் தற்செயல் எனக்கு அர்த்தமுள்ளதாகத் தோன்றுகிறது. இங்கிலாந்துக்கு லீக், நமக்குக் கோப்பை. நகர லீக்குகள் இங்கும் உண்டு. கல்கத்தா லீக் 1898இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் தேசம் முழுவதற்குமான லீக் வர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் நம் கால்பந்து ஞாபகம் முழுக்கக் கோப்பைகளால் ஆனதாகிவிட்டது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் ராணுவ அணியை 2-1 என்று வென்றது நமக்குச் சரித்திரம். ஒரு நாள், ஓர் எதிரி, ஒரு முடிவு. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாபகம் நம்மிடம் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. பெரிய நாள் இல்லையென்றால் நமக்குச் சரித்திரம் இல்லை. இலக்கியத்திலும் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். ஒருவரின் ஒரு கவிதையை, ஒரு கதையைப் பிடித்துக்கொள்கிறோம். இருபது வருஷம் சறுக்காமல் எழுதிக்கொண்டிருந்தவரைப் பற்றி எழுத நமக்கு வார்த்தைகள் இல்லை.

சென்னை சிட்டி என்ற பெயருக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1946இல் தொடங்கப்பட்ட நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்தான் பிற்பாடு இந்தப் பெயருக்கு மாறியது. பெயரில் சென்னை, அந்தப் பருவத்தில் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த சிலர் முன்வரிசையில் ஆடினார்கள். அவர்களில் பெட்ரோ மான்ஸி உருகுவேயில் பிறந்தவர். முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள் அடித்தார். பருவம் முடிந்தபோது 21. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸாவும் அதே 21. இவர்களுடன் எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். பருவத்தின் நடுவில், 2019 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் இதில் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. இதைத் தமிழனின் வெற்றி என்று முழங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இது பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பார்த்த ஒரு வேலை.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் உள்ள பங்கு ஓர் இல்லாமை. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் முந்தைய பருவத்தில் இந்த அணியில் ஆடியவர். தூத்தூர் பக்கத்து மீனவக் கிராமங்களில் கால்பந்து எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க அவர் ஒருவர் போதும். அந்த முந்தைய பருவம் தொடங்கிய 2017 நவம்பர் கடைசியில்தான் ஒக்கி புயல் அந்தக் கிராமங்களின் மனிதர்களைக் கடலில் வைத்து வாரிக்கொண்டு போனது. 2018இல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டார். அடுத்த பருவத்தில் அவர் விட்டுப்போன அணி பட்டம் வென்றது. 2019 மார்ச்சில், ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து நகையைத் திருப்ப வந்த ஒரு பையன் கவுண்டரில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னான்: “சாரே, சூசை இருந்தாம்னா இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டானுவ.” நான் “ஆமா மக்கா” என்றேன். பிறகு யோசித்தபோது அது அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை. முந்தைய பருவத்தில் சூசைராஜ் இருந்தும் அந்த அணி பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருந்தது. ஒரு நல்ல ஆட்டக்காரன் ஒரு மாலையை வென்று தருவான். இருபது மாலைகள் வேறு விவகாரம்.

அந்த மாலைகள் தேசத்தின் சரித்திரத்துக்கு வெளியே நடக்கவும் இல்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் துணை ராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீருடன் ஆட வேண்டிய மினர்வா பஞ்சாப் அங்கே போகவில்லை. ஈஸ்ட் பெங்கால் காஷ்மீரில் ஆட வேண்டிய ஆட்டம் டில்லிக்கு மாற்றப்பட்டது. ரியல் காஷ்மீர் அந்த லீக்கில் ஆடிய முதல் பருவம் அது. பனியிலும் குளிரிலும் ஸ்ரீநகர் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்த அணி, பட்டத்துக்கான ஓர் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் ஆட முடியாமல் போயிற்று. புள்ளிப் பட்டியலில் இதற்கு இடம் கிடையாது.

கடைசி நாள் மார்ச் 9. இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. பருவத்தின் பின்பாதியில் எல்லா ஆட்டங்களையும் டி.வி.யில் காட்டாமல் விட்டவர்கள் இதைக் காட்டினார்கள். சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் மினர்வா தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளைவரை அப்படியே. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலத்துக்கு எதிராகப் பின்தங்கியது. பிறகு எழுந்து 2-1 என்று வென்றது. கோவையில் இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோல்களையும் அடித்தவர் கௌரவ் போரா. அஸ்ஸாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர். 3-1. அந்த மாலையை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் அந்த மாலை பட்டத்தைத் தந்தது என்று சொன்னால் கணக்கு டாலி ஆகாது. அன்று இரண்டு அணிகளுமே மூன்று புள்ளிகள் எடுத்தன. காலையில் இருந்த வித்தியாசம் இரவிலும் இருந்தது. அது முன்னமே எங்கோ, ஒருவரும் கொண்டாடாத ஒரு நாளில் உண்டாகியிருந்தது.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. 2014இலிருந்து இந்தியாவில் இரண்டு லீக்குகள் இருந்தன. இந்தியன் சூப்பர் லீக் பணத்தால் அமைந்தது. அப்போது அது இறங்குவதும் ஏறுவதும் இல்லாத மூடிய வட்டமாக இருந்தது. ஐ-லீக்கில் 2017இல் மிசோரமின் ஐஸால், 2018இல் பஞ்சாபின் மினர்வா, 2019இல் சென்னை சிட்டி என்று மூன்று வருஷங்கள் தொடர்ந்து எதிர்பாராத இடங்களிலிருந்து சாம்பியன்கள் வந்தார்கள். அந்த 2018-19இல் சூப்பர் லீக்கில் ஆடிய சென்னையின் இன்னொரு அணியான சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் முடித்தது. ஒரே நகரத்தின் பெயரைச் சுமந்த இரண்டு அணிகள், ஒரே பருவத்தில், ஒன்று உச்சியில், ஒன்று அடியில். பின்னர் சூப்பர் கப்பில் சென்னை சிட்டி, சூப்பர் லீக் சாம்பியனான பெங்களூருவை 2-1 என்று வென்றது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் கோவாவிடம் தோற்றது. இது எதையும் மாற்றவில்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்து ஸ்தாபனத்தின் ஒப்புதலோடு சூப்பர் லீக் தேசத்தின் முதல் லீக் என்று தீர்மானிக்கப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் தட்டுக்குப் போயிற்று. பாடுபட்டு ஏறிய ஏணியின் மேல்படியை, ஏறியவர் அதில் நிற்கும்போதே, நடுப்படி என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

2020 ஜனவரியில் சென்னை சிட்டி ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. அதே மாதம் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். பிறகு கோவிட். 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வென்ற மூன்று வருஷங்களுக்குள் இந்த முடிவு. இந்தப் பத்திரிகையைப் போன்ற பத்திரிகைகளின் ஆயுளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நின்றுபோனதாலேயே ஒன்று அற்பமானதாகிவிடாது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நான்கு டிராக்களில் எது பட்டத்தைத் தந்தது என்று நான் பல நாள் யோசித்தேன். கேள்வியே தவறு என்று இப்போது தோன்றுகிறது. நான்கில் எந்த ஒன்றை எடுத்துவிட்டுத் தோல்வியாக்கினாலும் புள்ளிக் கணக்கில் ஈஸ்ட் பெங்காலை விஞ்ச முடியாது. ஆகவே நான்குமே தந்தன. ஆகவே தனியாக எதுவும் தரவில்லை. அந்த நாட்களில் மைதானத்தை விட்டுப் போன ஆட்டக்காரர்கள் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் போயிருப்பார்கள். வெல்லவேண்டியதை வெல்லவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். தாங்கள் சாம்பியன் ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தீர்ப்புகள் எங்கோ ஒரு கமிட்டி அறையில் பின்னால் மாற்றி எழுதப்படலாம். அந்த நான்கு நாட்களை யாராலும் மாற்ற முடியாது. நம் விமர்சனம் பார்க்கப் பழகவேண்டியது அவற்றைத்தான்.