அலை உயரமும் ஒலிபெருக்கியும்: புதுச்சேரிக் கடற்கரையில் கடல் தகவல் சென்ற வழி

கிராமங்களுக்குக் கணினி கொண்டுபோன தொண்டு முயற்சிகளை ஆராய்வோர், கருவிகள் மாறிய ஆண்டுகளை வைத்தே அவற்றின் வரலாற்றைப் பகுப்பது வழக்கம். புதுச்சேரிக் கடற்கரையை அப்படிப் பகுத்தால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகும். தகவலைக் கடைசியில் யார் வாங்கி, யார் காதில் போட்டார்கள் என்பதே இங்கு விளைவைத் தீர்மானித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சென்னைத் தரமணியில் இயங்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் ஒன்றின் நிதியுதவியோடு 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நடந்தது கணக்கெடுப்பு. மக்கள் எங்கிருந்து சேதி தெரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டபோது கடைக்காரர், சந்தை, உரம் விற்பவர் என்றே பதில் வந்தது. விற்பவர் வாயிலிருந்து வரும் விலைச் செய்தியை நம்பி விளைச்சலை விற்கும் நிலைமைக்கு மாற்று தேடியே மையங்கள் திறக்கப்பட்டன. வில்லியனூர் நடுவம், எம்பலம், வீராம்பட்டினம், நல்லவாடு போன்ற ஊர்களில் கிளைகள். தொலைபேசி இணைப்பை நம்ப முடியாததால் கம்பியில்லா வானொலி வழியே தரவு போனது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன.

நிறுவனம் ஊர்களுக்கு விதித்த நிபந்தனைகளை நான் தொழில்நுட்பத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். இடத்தை ஊரே இலவசமாகத் தர வேண்டும். அங்கே எல்லாச் சாதியாரும் தடையின்றி வந்துபோக வேண்டும். மையத்தை நடத்தும் தன்னார்வலர்கள் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும், அவர்களில் பெண்களுக்கு உரிய பங்கு வேண்டும். சேரியிலிருந்து வருபவர் படியேறத் தயங்கும் கட்டடத்தில் எவ்வளவு உயர்ந்த கணினி இருந்தும் பயனில்லை.

வீராம்பட்டினம் அரிக்கமேட்டுக்கு அருகிலுள்ள மீனவர் ஊர். அங்கே தேவைப்பட்ட தகவல் ஒன்றே ஒன்று: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வங்கக் கடலுக்கான அலை உயர முன்கணிப்பை வரைபடமாக வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் அதை இறக்கித் தமிழில் சுருக்கி அனுப்புவார்கள். வீராம்பட்டினத்துத் தன்னார்வலர் அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார். வலை பின்னிக்கொண்டிருப்பவரும் கேட்பார், படிக்கத் தெரியாத கிழவரும் கேட்பார், மறுநாள் கூடையெடுத்து மீன் விற்கப்போகும் பெண்ணும் கேட்பார். தொழிலுக்குப் போகலாமா என்ற முடிவைத் தனி ஆளாக எடுக்காமல், எல்லோரும் ஒரே சேதியைக் கேட்டுக் கூடிப் பேசி எடுக்க முடிந்தது.

அந்த ஏற்பாட்டின் முழு மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாட்டில் தெரிந்தது. அன்று இந்தியக் கரைக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் கிடையாது. ஐதராபாத்தில் அது நிறுவப்பட்டது 2007-இல்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர் இளைஞர் ஒருவர் நிலநடுக்கச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் முன்பு அதே மையத்தில் தன்னார்வலராக இருந்தவர். ஊரார் மையக் கதவை உடைத்து ஒலிபெருக்கியை எடுத்து அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. எந்தத் தரவுத்தளமும் அந்த எச்சரிக்கையைத் தரவில்லை. ஆனால் அலை உயரம் கேட்டுப் பழகிய ஊருக்கு அந்தக் குழாயிலிருந்து வரும் குரல்மேல் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை ஆறேழு ஆண்டுகளில் சேர்ந்தது.

இதற்கிடையே 'ஒவ்வொரு கிராமமும் ஓர் அறிவு மையம்' என்ற நாடு தழுவிய இயக்கம் எழுந்தது. 2006-இல் மத்திய அரசு ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. எண்ணிக்கை பெருகியது. ஆனால் கட்டணத்துக்குச் சான்றிதழ் எடுத்துத் தரும் கடையாகவே அவற்றில் பல நிலைத்தன.

கடற்கரையில் அடுத்த கட்டம் கைபேசி. சுவாமிநாதன் நிறுவனம் உருவாக்கிய மீனவ நண்பன் செயலி அலை உயரம், காற்றின் வேகம், மீன் கூட்டம் கூடும் பகுதி, பன்னாட்டுக் கடல் எல்லை நெருங்குவது ஆகியவற்றைத் தமிழிலேயே காட்டுகிறது. பாக் நீரிணையில் எல்லை தாண்டினால் படகும் பறிபோகும், சிறையும் கிடைக்கும் என்ற நிலையில் இந்த எல்லை எச்சரிக்கையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தகவல் இப்போது தனி ஒருவரின் கைக்குள் போயிருக்கிறது. கரையில் காத்திருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் அது தானாகக் கேட்பதில்லை. இந்த இழப்பை ஆய்வுகள் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது என் கருத்து.

கைபேசிக் கோபுரத்தின் வீச்சைத் தாண்டினால் புது முன்கணிப்பு எதுவும் படகுக்கு வந்து சேராது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் உருவானபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல ஏற்கெனவே நெடுந்தொலைவு போயிருந்தன. எச்சரிக்கை அவற்றில் இருந்தவர்களை எட்டவில்லை; பலர் உயிரிழந்தார்கள். இந்தப் பேரிழப்புக்குப் பின்னர், 2019-இல், செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் ஜெமினி கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. கரையிலிருந்து புயல் செய்தி படகுக்குப் போகும். ஆனால் அப்போது வந்த வடிவத்தில், ஆபத்தில் சிக்கிய படகிலிருந்து கரைக்குப் பதில் அனுப்ப வழி இல்லை.